வாசல் வரை வந்து திரும்பிய பதவி!

1946-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி.

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் புதிய மந்திரி சபை அமைக்கும் ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. பொதுத் தேர்தல் முடிந்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மற்றக் கட்சிகளைவிட அதிக இடங்களைப் பிடித்தது லிபரல் கட்சி. அதன் தலைவர் இச்சிரோ ஹட்டோயாமா. அவர்தான் அடுத்த பிரதம மந்திரி என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சக்கரவர்த்தியிடம் இருந்து அழைப்பு வரவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அரண்மனை அழைப்பு வரவில்லை. அதற்கு முன்னால் அமெரிக்கத் தளபதியின் தலைமை நிலையத்தில் இருந்து ஓர் உத்தரவு வந்துவிட்டது. ஹட்டோயாமா எந்தப் பொதுப் பதவியும் வகிக்கக் கூடாது என்பதே அந்த உத்தரவு.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஹட்டோயாமா தன் இடத்தை ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு அரசியலை விட்டு விலகினார். அந்த இடத்தைத் திரும்பப் பெற அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பக்கவாதம் தாக்கி, நடப்பதற்கே பிறர் துணை வேண்டியவராக ஆகியிருந்தார்.

அந்த இரண்டு நண்பர்களின் சண்டையில் பிளந்த கூட்டம் மறுபடி ஒன்று சேர்ந்தபோது பிறந்ததுதான் ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி. 1955-ம் ஆண்டு முதல் 1993-ம் ஆண்டு வரை, 38 ஆண்டுகள் இடைவிடாமல் அந்த நாட்டை ஆண்ட கட்சி அது. அதன் முதல் தலைவர் ஹட்டோயாமா.

படித்தவர் வீட்டுப் பிள்ளை

ஹட்டோயாமா 1883-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். ஜப்பானிய மொழியில் ஹட்டோ என்றால் புறா. யாமா என்றால் மலை. புறா மலை என்பது அந்தக் குடும்பப் பெயரின் பொருள்.

தந்தை கசுவோ பெரிய வக்கீல். அமெரிக்காவுக்குப் போய்ச் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். பார்லிமெண்டின் கீழ்ச் சபைக்குச் சபாநாயகராகவும் இருந்தவர். தாயார் ஹாருகோ பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். பெண்கள் கைத்தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று, வேறு சிலருடன் சேர்ந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர். மகனின் படிப்பையும் அந்த அம்மாளே கவனித்துக்கொண்டார்.

ஹட்டோயாமா டோக்கியோ சர்வகலாசாலையில் சட்டம் படித்து, 1907-ம் ஆண்டு பட்டம் பெற்று, தந்தையைப் போலவே வக்கீல் ஆனார். மறு ஆண்டு திருமணம் நடந்தது. மணமகள் பெயர் காவோரு. பிற்காலத்தில் மாமியார் நடத்திய பள்ளியை ஏற்று நடத்தியவர் இந்தக் காவோருதான். கணவரின் கஷ்ட காலத்தில் அவருக்குத் தூணாக நின்றவரும் இவரே.

தந்தை காலமான பிறகு ஹட்டோயாமா அரசியலில் இறங்கினார். 1912-ம் ஆண்டு டோக்கியோ நகர சபை அங்கத்தினர் ஆனார். 1915-ம் ஆண்டு பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. அந்தக் காலத்தின் பெரிய கட்சிகளில் ஒன்றான செய்யுகாய் கட்சியில் அவர் இருந்தார். பழைய மரபுகளைக் காக்கவேண்டும், தனியார் தொழில் வளரவேண்டும் என்று சொன்ன கட்சி அது.

டோக்கியோவில் ஒட்டோவா என்ற பகுதியில் 1924-ம் ஆண்டு மேல்நாட்டுப் பாணியில் மாளிகை ஒன்று கட்டினார். அதன் கண்ணாடி ஜன்னல்களில் புறாக்கள் பறக்கும் சித்திரங்களை அமைத்தார். அந்த மாளிகை பிற்காலத்தில் ஒரு கட்சியின் பிறப்பிடம் ஆகப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தன் வினை தன்னைச் சுட்டது

ஹட்டோயாமா நல்ல பேச்சாளர். பழகுவதற்கு இனியவர். ஆனால், வளர்ந்து வந்த காலத்தில் அவர் செய்த சில காரியங்கள் பின்னால் அவரையே சுட்டன.

1930-ம் ஆண்டு லண்டனில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. போர்க் கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் ஒப்பந்தம் அது. ஜப்பானின் பிரதம மந்திரி ஹமாகுச்சி அதை ஏற்றுக்கொண்டார். கடற்படைத் தளபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்க்கட்சியில் இருந்த ஹட்டோயாமா பார்லிமெண்டில் எழுந்து அரசாங்கத்தைத் தாக்கினார். படைகளின் பலத்தைத் தீர்மானிப்பது சக்கரவர்த்தியின் அதிகாரம், அதில் மந்திரி சபை தலையிட்டது தவறு என்று வாதாடினார்.

ஆளும் கட்சியை மடக்குவதற்கு அது வசதியான வாதமாக இருந்திருக்கலாம். ஆனால் ராணுவத்தாருக்கு அது பெரிய ஆயுதம் ஆயிற்று. மந்திரிகளின் பேச்சைக் கேட்கவேண்டியதில்லை என்று அவர்கள் துணிந்துவிட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் மாதம் டோக்கியோ ரெயில் நிலையத்தில் ஹமாகுச்சியை ஒரு வாலிபன் துப்பாக்கியால் சுட்டான். அந்தக் காயத்தால் அவர் மறு ஆண்டு இறந்தார். 1932-ம் ஆண்டு மே 15-ந் தேதி கடற்படையின் இளம் அதிகாரிகள் பிரதம மந்திரி இனுகாயின் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இனுகாய் யார் தெரியுமா? ஹட்டோயாமாவின் சொந்தக் கட்சித் தலைவர். ஹட்டோயாமா அப்போது அவருடைய மந்திரி சபையில் கல்வி மந்திரி!

அவர் கல்வி மந்திரியாக இருந்தபோது நடந்த மற்றொரு சம்பவமும் உண்டு. கியோட்டோ சர்வகலாசாலையில் டாக்கிகாவா என்ற சட்டப் பேராசிரியர் இருந்தார். அவருடைய கருத்துக்கள் நாட்டுக்கு ஆபத்தானவை என்று சிலர் கூச்சல் போட்டார்கள். 1933-ம் ஆண்டு ஹட்டோயாமா அவரைப் பதவியில் இருந்து விலக்கினார். அதைக் கண்டித்து, சட்டப் பிரிவின் ஆசிரியர்கள் எல்லோரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். நாட்டில் சுதந்திரமாகச் சிந்திப்பவர்களுக்கு அது பெரிய அடி.

மறு ஆண்டு ஹட்டோயாமா மீது ஊழல் புகார் கிளம்பியது. அவர் மந்திரி பதவியை விட்டு விலகினார்.

பின்னர் ஐரோப்பாவுக்குப் பிரயாணம் செய்தார். திரும்பி வந்து, 1938-ம் ஆண்டு தன் பிரயாணத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஜெர்மனியின் ஹிட்லரையும் இத்தாலியின் முசோலினியையும் புகழ்ந்து எழுதினார். அப்போது அந்த எழுத்து யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

சர்வாதிகாரத்துக்கு வணங்காதவர்

இத்தனைக்கும் ஹட்டோயாமா ராணுவ ஆட்சியின் கைப்பாவை அல்ல. யுத்தம் தொடங்கிய பிறகு, கட்சிகள் எல்லாம் கலைக்கப்பட்ட பிறகு, அவருடைய கண் திறந்தது.

1942-ம் ஆண்டு தேர்தல் நடந்தது. அப்போது பிரதம மந்திரி ஜெனரல் டோஜோ. அரசாங்கமே வேட்பாளர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவர்களுக்குப் பணமும் ஆதரவும் கொடுத்தது. பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போலீஸ் தொல்லை. மொத்தம் 466 இடங்களில் பட்டியலில் இல்லாத 85 பேர்தான் ஜெயித்தார்கள். அந்த 85 பேரில் ஹட்டோயாமாவும் ஒருவர்.

டோஜோவின் ஆட்சியை அவர் எதிர்த்துப் பேசினார். அது பலிக்கவில்லை. 1943-ம் ஆண்டு டோக்கியோவை விட்டு, கருய்சாவா என்ற மலை ஊருக்குப் போய்விட்டார். அங்கே காய்கறி பயிரிட்டுக்கொண்டும் புத்தகங்கள் படித்துக்கொண்டும் காலம் கழித்தார்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு விழுந்தது. ஜப்பான் சரண் அடைந்தது. அமெரிக்கப் படைகள் வந்து இறங்கின. அதிகாரம் முழுவதும் அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் கைக்குப் போயிற்று.

ஹட்டோயாமா டோக்கியோவுக்குத் திரும்பினார். செப்டம்பர் மாதமே, குற்றமற்ற ஜனங்கள் மீது அணுகுண்டு போட்டது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்ற கருத்தை வெளியிட்டார். அதைப் பிரசுரித்த பெரிய தினசரிப் பத்திரிகையை இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள் அமெரிக்கர்கள். ஹட்டோயாமாவின் பெயரும் அவர்கள் மனதில் பதிந்தது.

நவம்பர் 9-ந் தேதி அவர் லிபரல் கட்சியைத் தொடங்கினார். பழைய செய்யுகாய் கட்சியின் நண்பர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு, ஒரு காலத்தில் எதிர் அணியில் இருந்த புகிச்சி மிகி என்ற தந்திரசாலியும் வந்தார். கோனோ என்ற துடிப்பான அரசியல்வாதியும் உடன் நின்றார்.

1946-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி தேர்தல் நடந்தது. ஜப்பானில் பெண்கள் முதன் முதலாக ஓட்டுப் போட்ட பொதுத் தேர்தல் அதுதான். 39 பெண்கள் அங்கத்தினர் ஆனார்கள். லிபரல் கட்சிக்கு 141 இடங்கள் கிடைத்தன. முதல் இடம் அதற்கே.

அந்த நேரத்தில்தான் பழைய புத்தகம் வெளியே வந்தது. டோக்கியோவில் இருந்த வெளிநாட்டு நிருபர்கள் அதைத் தேடிப் பிடித்து மொழிபெயர்த்தார்கள். ஹட்டோயாமாவைத் தங்கள் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஹிட்லரைப் புகழ்ந்த பகுதிகளைக் காட்டிக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். அவரால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு வந்த தடை உத்தரவில் கியோட்டோ பேராசிரியரின் விவகாரமும் இருந்தது. ஹிட்லர் புகழ்ச்சியும் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய எழுத்து, பதவியின் வாசலில் வந்து குறுக்கே நின்றது.

நண்பரிடம் ஒப்படைத்தார்

கட்சிக்கு உடனே ஒரு தலைவர் வேண்டும். சிலரைக் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஹட்டோயாமாவின் கண் ஷிகெரு யோஷிடா மீது விழுந்தது.

யோஷிடா கட்சிக்காரர் அல்ல. இத்தாலியிலும் இங்கிலாந்திலும் ஜப்பானின் தூதராக இருந்தவர். யுத்தத்தை முடித்துக்கொள்ள ரகசியமாக முயன்றதற்காக, 1945-ம் ஆண்டு ராணுவப் போலீசார் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். அதனால் அமெரிக்கர்களிடம் அவருக்கு நல்ல பெயர். வயது 67. சுருட்டுப் பிரியர். முன்கோபக்காரர்.

யோஷிடா லேசில் சம்மதிக்கவில்லை. சில நிபந்தனைகள் போட்டார். கட்சிக்குப் பணம் திரட்டும் வேலை தனக்கு வேண்டாம் என்றார். மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஹட்டோயாமா தலையிடக் கூடாது என்றார். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்வேன் என்றார்.

தடை நீங்கி ஹட்டோயாமா திரும்பி வந்ததும் பதவியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பதும் பேச்சில் அடங்கியிருந்ததாக ஹட்டோயாமா நம்பினார். இந்த விஷயத்தில்தான் பின்னால் தகராறு முளைத்தது. எழுத்து மூலமான ஒப்பந்தமாக அது இருந்திருந்தால் தகராறுக்கே இடம் இருந்திராது.

1946-ம் ஆண்டு மே 22-ந் தேதி யோஷிடா பிரதம மந்திரி ஆனார். மறு ஆண்டு தேர்தலில் சோஷலிஸ்டு கட்சி முந்திக்கொண்டதால் பதவி இழந்தார். 1948-ம் ஆண்டு மீண்டும் வந்தார். 1949-ம் ஆண்டு தேர்தலில் அவருடைய கட்சி 264 இடங்களைப் பிடித்துத் தனி மெஜாரிட்டி பெற்றது.

அந்தத் தேர்தலில் யோஷிடா ஒரு புது வழி கண்டார். சர்க்கார் உத்தியோகத்தில் அனுபவம் பெற்ற பலரைக் கட்சி வேட்பாளர்களாக நிறுத்தினார். இக்கேடா, சாட்டோ இருவரும் அப்படி வந்தவர்களே. இரண்டு பேருமே பிற்காலத்தில் பிரதம மந்திரி ஆனவர்கள். இவர்கள் எல்லோரும் யோஷிடாவின் மாணாக்கர்களைப் போல இருந்தார்கள். ஹட்டோயாமா தொடங்கிய கட்சி, கொஞ்சம் கொஞ்சமாக யோஷிடாவின் கட்சி ஆயிற்று.

இடி மேல் இடி

வெளியில் இருந்த ஹட்டோயாமாவின் நாட்கள் மெல்லப் போயின. தடை உத்தரவுக்கு ஆளானவர்கள் ஜப்பான் முழுவதும் 2 லட்சத்துக்கு மேல். யாருக்கு எப்போது விடுதலை என்று தெரியாது.

அந்த நாட்களில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. அதை எழுதியவர் கவுடன்ஹோவ் கலேர்கி என்ற ஐரோப்பியப் பிரபு. அவருடைய தாயார் ஜப்பானியப் பெண்மணி. சர்வாதிகாரத்தைக் கண்டித்து, மனிதருக்குள் சகோதர பாவம் வளரவேண்டும் என்று சொன்ன புத்தகம் அது. ஹட்டோயாமா அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். ஹிட்லரைப் புகழ்ந்து எழுதிய அதே கை, ஹிட்லரின் விரோதி எழுதிய புத்தகத்தை மொழிபெயர்த்தது. பிறகு அந்தச் சகோதர பாவத்தைப் பரப்ப இளைஞர் சங்கம் ஒன்றும் ஏற்படுத்தினார்.

1951-ம் ஆண்டு. தடை நீங்கப் போகிறது என்ற செய்தி வந்தது. ஒட்டோவா மாளிகையில் நண்பர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ஜூன் 11-ந் தேதி, நண்பர்கள் வீட்டில் இருந்த நேரத்திலேயே, ஹட்டோயாமா சுருண்டு விழுந்தார். பக்கவாதம்!

உயிர் பிழைத்தது. ஆனால் கை கால் பழையபடி வரவில்லை. ஆகஸ்டு மாதம் தடை நீங்கியபோது அவர் படுக்கையில் கிடந்தார். மனைவி காவோரு உடன் இருந்து கவனித்தார். நாளுக்கு நாள் பயிற்சி செய்து, பிறர் துணையோடு எழுந்து நடக்க ஆரம்பித்தார் ஹட்டோயாமா.

யோஷிடா பதவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1951-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சென்று சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஜப்பான் மறுபடி சுதந்திர நாடு ஆயிற்று. அந்தப் பெருமை யோஷிடாவுக்குச் சேர்ந்தது.

நோயாளியிடம் நாட்டை ஒப்படைக்க முடியுமா என்று யோஷிடாவின் ஆட்கள் கேட்டார்கள். வாக்கு என்றால் வாக்குத்தானே என்று ஹட்டோயாமாவின் ஆட்கள் கேட்டார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை தீரவில்லை.

1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யோஷிடா யாரும் எதிர்பாராமல் கீழ்ச் சபையைக் கலைத்தார். ஹட்டோயாமாவின் ஆட்கள் தயாராவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், ஹட்டோயாமாவின் வலது கை போன்ற இஷிபாஷியையும் கோனோவையும் கட்சியில் இருந்து நீக்கினார்.

1953-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி யோஷிடாவின் முன்கோபம் அவருக்கே வினையாக வந்தது. பார்லிமெண்டுக் கமிட்டியில் ஒரு சோஷலிஸ்டு அங்கத்தினர் விடாமல் கேள்வி கேட்டார். யோஷிடா அவரை முட்டாள் என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அது ஒலிபெருக்கியில் விழுந்தது. சபையில் ஒரே அமளி! அடுத்த மாதம் நம்பிக்கை இல்லாத் தீர்மானம் வந்தபோது, ஹட்டோயாமாவின் ஆட்கள் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். தீர்மானம் நிறைவேறியது. மறுபடியும் தேர்தல்.

ஆனால் அந்தத் தேர்தலில் ஹட்டோயாமாவின் புதுக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 35 இடங்கள். சில மாதங்களில் அவர் தலை குனிந்து பழைய கட்சிக்கே திரும்பினார். அவருடைய அரசியல் வாழ்வு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

கிடைத்தது நாற்காலி!

1954-ம் ஆண்டு கப்பல் கட்டும் கம்பெனிகளின் லஞ்ச விவகாரம் வெடித்தது. யோஷிடா கட்சியின் காரியதரிசியான சாட்டோவைக் கைது செய்யப் பிராசிகியூட்டர்கள் தயாரானார்கள். சட்ட மந்திரி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் தடுத்தார். ஜனங்கள் கொதித்தார்கள்.

இதுதான் சமயம் என்று ஹட்டோயாமாவின் அணி மறுபடி வெளியே வந்தது. நவம்பர் 24-ந் தேதி, யோஷிடாவைப் பிடிக்காத பழமைவாதிகள் எல்லோரும் சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். தலைவர் ஹட்டோயாமா. காரியதரிசி நோபுசுகே கிஷி. இந்தக் கிஷி, சாட்டோவின் கூடப் பிறந்த அண்ணன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம்!

மறுபடியும் சபையைக் கலைக்க யோஷிடா விரும்பினார். சொந்தக் கட்சித் தலைவர்களே ஒப்பவில்லை. டிசம்பர் 7-ந் தேதி அவருடைய மந்திரி சபை ராஜினாமாச் செய்தது. சீக்கிரம் தேர்தல் நடத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு சோஷலிஸ்டுகள் ஹட்டோயாமாவுக்கு ஓட்டளித்தார்கள். டிசம்பர் 10-ந் தேதி அவர் பிரதம மந்திரி ஆனார். அப்போது அவருக்கு வயது 71.

ஜனங்களுக்கு அவர் மீது இரக்கமும் இருந்தது, அன்பும் இருந்தது. யோஷிடா கடுகடுத்த முகத்துடன் இருப்பவர். இவரோ சிரித்த முகம். வியாதியை ஒளிக்காமல் ஜனங்கள் முன் வந்தார். அதிகாரிகள் கோல்ப் ஆட்டம், சீட்டாட்டம் போன்ற மாஜோங் ஆட்டம் ஆகியவற்றில் பொழுது போக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். போகும் இடம் எல்லாம் கூட்டம் திரண்டது.

1955-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி தேர்தல். ஜனநாயகக் கட்சி 185 இடங்களைப் பிடித்து முதலில் வந்தது. யோஷிடாவின் பழைய லிபரல் கட்சிக்கு 112 இடங்கள். ஆனால் ஹட்டோயாமாவுக்குத் தனி மெஜாரிட்டி கிடைக்கவில்லை.

இரண்டு கட்சி ஒன்றானது

அப்போது முன்னால் வந்தார் கிழவர் புகிச்சி மிகி. உடல் நலிந்தவர், மூளை கூர்மையானவர். பழமைவாதிகள் பிளந்து நின்றால் நாட்டை ஆள முடியாது, இரண்டு கட்சியும் ஒன்றாக வேண்டும் என்று ஏப்ரல் மாதம் பகிரங்கமாகச் சொன்னார். அதற்காக ஹட்டோயாமாவின் மந்திரி சபை போனாலும் பாதகம் இல்லை என்றார்.

லிபரல் கட்சியில் ஓனோ என்ற தலைவர் இருந்தார். மிகிக்கும் ஓனோவுக்கும் ஜென்மப் பகை. டோக்கியோ நகர அரசியலில் தொடங்கி எத்தனையோ ஆண்டுகளாக வளர்ந்த பகை. மே மாதம் மிகி வலியப் போய் ஓனோவைச் சந்தித்தார். நாட்டுக்காகப் பழையதை மறப்போம் என்று இருவரும் கை கோத்தார்கள்.

அக்டோபர் 13-ந் தேதி, பிரிந்திருந்த சோஷலிஸ்டுகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பெரிய தொழில் அதிபர்கள் பயந்தார்கள். பழமைவாதிகளும் உடனே ஒன்றாக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பேச்சு வார்த்தைகள் ஒட்டோவா மாளிகையிலும் நடந்தன.

1955-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, டோக்கியோவில் ஒரு சர்வகலாசாலை மண்டபத்தில் லிபரல் ஜனநாயகக் கட்சி பிறந்தது. யார் தலைவர் என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. ஆகவே ஹட்டோயாமா, மிகி, ஓனோ, லிபரல் கட்சித் தலைவர் ஒகாட்டா ஆகிய நால்வரும் சேர்ந்து தலைமைப் பொறுப்பை வகித்தார்கள். இரண்டு மாதங்களில் ஒகாட்டா திடீர் என்று காலமானார். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி ஹட்டோயாமா முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூலை மாதம் மிகியும் கண்ணை மூடினார்.

யோஷிடாவும் சாட்டோவும் முதலில் புதுக் கட்சியில் சேரவில்லை. பழைய காயம் ஆறவில்லை.

சைபீரியாவில் வாடியவர்கள்

ஹட்டோயாமாவின் மனதில் வேறு ஒரு கவலை இருந்தது.

யுத்தத்தின் முடிவில் ரஷியா சுமார் 6 லட்சம் ஜப்பானியப் போர்வீரர்களைச் சிறைப் பிடித்துச் சைபீரியா முதலிய இடங்களுக்குக் கொண்டுபோனது. குளிரிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். பதினோரு ஆண்டுகள் ஆன பிறகும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே அடைபட்டுக் கிடந்தார்கள். வீட்டில் தாய்மார்களும் மனைவிமார்களும் வழி மேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள்.

சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் ரஷியா கையெழுத்துப் போடவில்லை. ஆகவே சட்டப்படி பார்த்தால் இரு நாட்டுக்கும் இடையே யுத்தம் இன்னும் முடியவில்லை. ஜப்பான் ஐ.நா. சபையில் சேர முயன்றபோது, 1955-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ரஷியா அதைத் தடுத்துவிட்டது. 1956-ம் ஆண்டு வட கடலில் ஜப்பானியர் மீன் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு போட்டது.

பேச்சு வார்த்தை 1955-ம் ஆண்டே லண்டனில் தொடங்கியது. வடக்கே ரஷியா பிடித்துக்கொண்ட நான்கு தீவுக் கூட்டங்களைப் பற்றிய தகராறால் அது முறிந்து முறிந்து போயிற்று. தீவுகள் முழுவதும் கிடைத்தால்தான் சமாதானம் என்றார்கள் சிலர். அதுவரை கைதிகள் என்ன ஆவார்கள் என்பது ஹட்டோயாமாவின் கவலை.

தானே மாஸ்கோவுக்குப் போவது என்று அவர் முடிவு செய்தார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு எழுந்தது. யோஷிடா பகிரங்கமாகவே கண்டித்தார். இந்தக் காரியம் முடிந்ததும் பதவியை விட்டு விலகிவிடுவதாக ஹட்டோயாமா அறிவித்தார். 73 வயதில், துணை இல்லாமல் நடக்க முடியாத உடம்போடு, 1956-ம் ஆண்டு அக்டோபர் மாதம் விமானம் ஏறினார்.

அக்டோபர் 19-ந் தேதி மாஸ்கோவில் கூட்டுப் பிரகடனம் கையெழுத்து ஆயிற்று. ரஷியப் பிரதமர் புல்கானினும் ஹட்டோயாமாவும் கையெழுத்திட்டார்கள். யுத்த நிலை முடிந்தது. தூதர்களை அனுப்பிக்கொள்ளவும், கைதிகளை விடுவிக்கவும், ஐ.நா. சபையில் ஜப்பான் சேருவதை ஆதரிக்கவும் ரஷியா சம்மதித்தது. தீவுகளில் சிறிய இரண்டை மட்டும், சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு கொடுப்பதாகச் சொன்னது. அந்த உடன்படிக்கை ஏற்படவே இல்லை. தீவுகளும் திரும்பவில்லை. அந்த வகையில் ஹட்டோயாமா கொண்டுவந்தது அரைச் சமாதானம்தான்.

ஆனால் மனிதர்கள் திரும்பினார்கள். டிசம்பர் 18-ந் தேதி ஜப்பான் ஐ.நா. சபையில் சேர்ந்தது. அதே மாதம் 26-ந் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளை ஏற்றிய கப்பல் மைசூரு துறைமுகத்தை அடைந்தது. நம் நாட்டு மைசூர் அல்ல. ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஊர் அது. வாலிபர்களாகப் போனவர்கள் நரைத்த தலையுடன் இறங்கினார்கள்.

அந்தக் கப்பல் கரை சேர்ந்தபோது ஹட்டோயாமா பிரதம மந்திரியாக இல்லை. சொன்னபடியே, சில நாட்களுக்கு முன் பதவி விலகிவிட்டார். எட்டு ஆண்டு காத்திருந்து பெற்ற நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இரண்டே ஆண்டுகள்!

பேரன்கள் மோதினார்கள்

எல்லாமே அவர் நினைத்தபடி நடந்துவிடவில்லை. யுத்தத்தைத் துறந்த புதிய அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஜனங்கள் அந்த அளவு ஆதரவைக் கொடுக்கவில்லை. தேர்தல் தொகுதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாக மாற்றப் பார்க்கிறார் என்ற கண்டனம் எழுந்து, அந்த மசோதாவும் தோற்றது.

அவருக்குப் பிறகு கட்சித் தலைமைக்கு 1956-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் இஷிபாஷிக்கு 258 ஓட்டு. கிஷிக்கு 251 ஓட்டு. ஏழே ஓட்டில் இஷிபாஷி ஜெயித்தார். அவர் நோயுற்று விலகவே, இரண்டு மாதங்களில் கிஷி பிரதம மந்திரி ஆனார். பிறகு இக்கேடாவும், சாட்டோவும் வந்தார்கள். யோஷிடாவின் மாணாக்கர்களும் ஹட்டோயாமாவின் நண்பர்களும் ஒரே கூரையின் கீழ், தனித்தனிக் கோஷ்டிகளாக இருந்து ஆண்டார்கள். கட்சிக்குள் கோஷ்டிச் சண்டை இருந்தது. ஆனால் கட்சி உடையவில்லை. 1993-ம் ஆண்டு வரை அது தொடர்ந்து நீடித்தது.

ஹட்டோயாமா 1959-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி, 76-வது வயதில் காலமானார். யோஷிடா 1967-ம் ஆண்டு காலமானார். காவோரு அம்மாள் 1982-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். புறாக்கள் பறக்கும் ஜன்னல்கள் கொண்ட ஒட்டோவா மாளிகை பிற்காலத்தில் பொதுமக்கள் பார்க்கும் காட்சிச் சாலை ஆயிற்று.

இருவரின் போட்டி அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தேர்தலில் ஓர் அதிசயம் நடந்தது. அப்போது லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவராகவும் பிரதம மந்திரியாகவும் இருந்தவர் டாரோ அசோ. அவர் யோஷிடாவின் மகள் வயிற்றுப் பேரன். எதிர்க்கட்சித் தலைவர் யுகியோ ஹட்டோயாமா. அவர் இச்சிரோ ஹட்டோயாமாவின் மகன் வயிற்றுப் பேரன்.

தேர்தலில் யுகியோவின் கட்சி 308 இடங்களைப் பிடித்தது. தாத்தா சேர்த்துக் கட்டிய கட்சியைப் பேரன் ஆட்சியில் இருந்து இறக்கினார். யோஷிடாவின் பேரன் எழுந்த நாற்காலியில் ஹட்டோயாமாவின் பேரன் அமர்ந்தார். ஆனால் அவராலும் அதில் ஒன்பது மாதம்கூட நீடிக்க முடியவில்லை. 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதத் தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சியே மீண்டும் ஜெயித்தது. அப்போது பிரதம மந்திரி ஆனவர் ஷின்சோ அபே. அவர் யார் தெரியுமா? ஹட்டோயாமாவிடம் காரியதரிசியாக இருந்த கிஷியின் பேரன்!